ரியல் எஸ்டேட் ஏஜென்ட்: மனம் வெறுத்துப் போகாமல் முதல் ஆண்டைத் தாண்ட ஒரு முழுமையான வழிகாட்டி

மனை விற்கத் தெரியாமல் இந்தத் தொழிலை விட்டவர்களைவிட மனம் வெறுத்து விட்டவர்கள்தான் அதிகம். நான் பார்த்தவரை கதை ஒன்றுதான். மூன்று நான்கு மாதம் ஓடியாடுவார்கள். ஒரு பத்திரமும் பதிவாகியிருக்காது. பெட்ரோல் செலவே கையைக் கடிக்கும், வீட்டில் பேச்சு ஆரம்பிக்கும். அப்போது யாராவது ஒரு மோட்டிவேஷன் கூட்டத்துக்கு அழைத்துப் போவார்கள். இரண்டு நாள் தெம்பாக இருக்கும், அப்புறம் பழையபடிதான்.

கோளாறு வரிசையில் இருக்கிறது. பணம், ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு, பத்திர அறிவு, தினசரிக் கணக்கு என்று ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டு மனதுக்கு வந்தால், அங்கே செய்ய வேண்டிய வேலை கொஞ்சம்தான் மிச்சமிருக்கும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தாம்பரம் தாண்டி கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டுப் பக்கம் நடக்கும் மனை, ஃபிளாட் வியாபாரத்தை வைத்து எழுதுகிறேன். தமிழ்நாட்டின் மற்ற ஊர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

1. வீட்டுச் செலவுக்கு வழி செய்துவிட்டு இறங்குங்கள்

குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் எட்டு மாத வீட்டுச் செலவு தனியாக இருக்க வேண்டும். வாடகை, பள்ளிக் கட்டணம், மளிகை, இருக்கிற கடனுக்கான தவணை எல்லாம் சேர்த்து. பெட்ரோலுக்கும் போனுக்கும் வேறு தொகை.

ஏன் இவ்வளவு என்றால், ஒரு விற்பனை முடிந்து கமிஷன் கைக்கு வரும் பாதை அவ்வளவு நீளம். பார்ட்டி, அதாவது வாங்க வருபவர், மனையைப் பார்க்க வேண்டும், வீட்டில் பேச வேண்டும், மாமனாரை அழைத்து வந்து இன்னொரு முறை காட்ட வேண்டும். பிறகு டோக்கன் அட்வான்ஸ், வக்கீல் கருத்து, வங்கிக் கடன், நல்ல நாள், பத்திரப்பதிவு. அதற்குப் பிறகும் மனை போட்டு விற்கும் புரொமோட்டர் தன் கணக்கு முடிக்கும் தேதியில்தான் கமிஷன் தருவார். எல்லாம் ஒழுங்காக நடந்தாலே மாதங்கள் ஓடிவிடும். இதில் வங்கி ஒரு தாள் குறைகிறது என்று சொன்னால் இன்னும் இழுக்கும்.

கையில் காசு இல்லாத ஏஜென்ட்டின் பேச்சில் அவசரம் தெரியும். "இன்னிக்கே டோக்கன் போட்டுருங்க சார்" என்று நாலு தடவை சொல்வார். அதைக் கேட்டதும் பார்ட்டிக்கு, இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றிவிடும். விற்பனை போகும், அவசரம் இன்னும் கூடும்.

இந்தக் கட்டத்தில் புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, முதல் டோக்கன் விழுந்ததுமே கமிஷன் வந்துவிட்டதாக நினைத்துச் செலவு செய்வது. பத்திரம் பதிவாகும் வரை அது உங்கள் பணம் இல்லை. இன்னொன்று, "நீங்களே ஒரு மனை வாங்கினால்தான் நம்பிக்கையோடு விற்க முடியும்" என்று சொல்லும் கம்பெனியில் கடன் வாங்கி மனை போடுவது. அப்படிப்பட்ட இடத்தில் அவர்களுக்கு முதல் பார்ட்டியே நீங்கள்தான். இரண்டாவது பார்ட்டியாக உங்கள் சித்தப்பாவை அழைத்து வரச் சொல்வார்கள்.

கமிஷன் சதவீதமா, சதுர அடிக்கு இவ்வளவா, எந்தத் தேதியில் வரும் என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். கமிஷனில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள். பான் எண் கொடுத்திருந்தால் வருமான வரிக் கணக்குக் காட்டும்போது அதைச் சரிக்கட்டிக்கொள்ளலாம்.

2. ரெரா பதிவை எடுங்கள்

2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, ரெராவில் பதிவு செய்ய வேண்டிய திட்டத்தில் மனையோ ஃபிளாட்டோ விற்றுத்தரும் ஏஜென்ட்டும் பதிவு செய்திருக்க வேண்டும். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் அந்தத் திட்டத்துக்குப் பதிவு தேவை. பதிவில்லாமல் விற்கும் ஏஜென்ட்டுக்கு நாள் ஒன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் ஏறலாம். விற்ற சொத்தின் மதிப்பில் 5 சதவீதம் வரை அது போகும்.

மனநிலை பற்றிய கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். பதிவு எண் இல்லாதவர் பேசும்போது ஒரு தயக்கம் இருக்கும். "உங்க ரெரா நம்பர் என்ன?" என்று பார்ட்டி கேட்டுவிடுவாரோ என்ற பயம் உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். எண் இருப்பவர் அதை விசிட்டிங் கார்டில் அச்சடித்து முதலிலேயே நீட்டிவிடுவார். விற்றுத்தரும் ஒவ்வொரு சொத்திலும் அந்த எண்ணைக் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது.

சட்டத்தின் 13-ஆவது பிரிவையும் தெரிந்துகொள்ளுங்கள். விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் புரொமோட்டர் வாங்கக் கூடாது. பார்ட்டி கேட்பதற்கு முன்பே இதை நீங்கள் சொன்னால், இந்த ஆள் நம் பக்கமும் பேசுகிறார் என்ற எண்ணம் அவருக்கு வரும். அதற்கப்புறம் உங்கள் குரலே மாறிவிடும்.

3. ஒரு பகுதியைப் பிடியுங்கள், பத்திரம் படிக்கப் பழகுங்கள்

தைரியம் இங்கேதான் வருகிறது. பலர் தாண்டிப் போகும் படியும் இதுதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய ஒரு பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரப்பாக்கமும் ஒரகடமும் திருப்போரூரும் என்று மூன்று திசையில் ஓடினால் பெட்ரோல்தான் தீரும். ஒரே பகுதியில் இருந்தால், எந்தத் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்கும், எந்த லேஅவுட்டில் நிலத்தடி நீர் உப்பு, எங்கே ரோடு போட்டும் லைட் வரவில்லை என்பதெல்லாம் இரண்டே மாதத்தில் தெரிந்துவிடும். பார்ட்டி கேட்பதும் இதைத்தான்.

அப்புறம் தாள்கள். மூலப்பத்திரம் (முந்தைய உரிமையாளர்களின் பத்திரம்), வில்லங்கச் சான்று (சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானங்களின் பட்டியல்), பட்டா, புலப்பட வரைபடம் (எல்லையும் அளவும் காட்டும் படம்), சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அனுமதி. இவற்றைப் பெயரளவில் தெரிந்து வைத்திருந்தால் போதாது, படிக்கத் தெரிய வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பும் அங்கேயே இருக்கும். பட்டாவை வருவாய்த்துறையின் இணையதளத்தில் பார்க்கலாம்.

பயிற்சி இப்படிச் செய்யுங்கள். உங்கள் பகுதியில் ஒரு சர்வே எண்ணை எடுங்கள். வில்லங்கத்தைத் திறந்து யார் யாரிடம் வாங்கினார், எந்த ஆண்டு, அடமானம் இருந்ததா, ரசீதுப் பத்திரம் போட்டு அது தீர்ந்ததா என்று ஒரு வெள்ளைத்தாளில் மேலிருந்து கீழாக எழுதுங்கள். பத்திரத்தில் கடைசியாக வரும் பெயரும் பட்டாவில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று எண்ணாக இதைச் செய்துவந்தால், வக்கீல் பேசுவது புரிய ஆரம்பிக்கும்.

வில்லங்கத்தில் தெரியாதவையும் உண்டு. பதிவு செய்யாத ஒப்பந்தம் அதில் வராது. பாகம் பிரிக்காத சொத்தில் அக்கா தங்கைக்கு இருக்கும் உரிமையும் வராது. ஆகவே "பேப்பர் எல்லாம் கிளியர்" என்ற வாக்கியத்தை உங்கள் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். "நான் வில்லங்கம் பார்த்தேன், 1990-லிருந்து சரியாக இருக்கிறது. ஆனாலும் உங்கள் வக்கீலிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். தெரியாத கேள்வி வந்தால் "பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, அன்று மாலையே பதில் சொல்லுங்கள். திணறுவது புதியவருக்கு அவமானமில்லை. வாய்க்கு வந்ததை அடித்துவிட்டு மாட்டிக்கொள்வதுதான் நாலு நாள் தூக்கத்தைக் கெடுக்கும்.

கணக்கும் விரல் நுனியில் இருக்கட்டும். ஒரு கிரவுண்ட் 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. மனைக் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 20 லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் போட்டால் 1,80,000 ரூபாய் அரசுக்குப் போகும். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். கடைசி நேரத்தில் இந்தத் தொகையைக் கேட்டு அதிர்ந்து பின்வாங்கும் பார்ட்டிகள் நிறைய.

4. உங்கள் கையில் இருப்பதை மட்டும் எண்ணுங்கள்

பத்திரப்பதிவு உங்கள் கையில் இல்லை. வங்கி மேனேஜர், பார்ட்டியின் மாமியார், பஞ்சாங்கம் எல்லாம் ஒத்துவர வேண்டும். அதையே தினமும் எண்ணிக்கொண்டிருந்தால் பெரும்பாலான நாளில் பூஜ்யம்தான் வரும். பூஜ்யத்தைத் தினமும் பார்க்கிறவருக்கு எந்தப் பேச்சாளரும் தெம்பு தர முடியாது.

ஒரு நோட்டில் நாலு கட்டம் போடுங்கள்: புதிதாகப் பேசியவர்கள், திரும்பக் கூப்பிட்டவர்கள், சைட் விசிட், படித்த பத்திரம். தொடக்கத்தில் நாளுக்கு பத்துப் பேரிடம் பேச்சு, வாரத்துக்கு மூன்று சைட் விசிட் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் பகுதிக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆனால் வாரத்தின் நடுவில் மாற்ற வேண்டாம், சோம்பல் அங்கேதான் நுழையும்.

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை எத்தனை பேர் பார்த்தார்கள், பிரசுரத்தை எத்தனை குரூப்பில் போட்டோம் என்பதை இந்த நோட்டில் எழுதக் கூடாது. அது வேலை செய்தது போலவே இருக்கும். மாதக் கடைசியில் ஒரு சைட் விசிட்கூட வந்திருக்காது.

நேரத்தையும் கட்டிவிடுங்கள். வேலைக்குப் போகிறவர்களைக் காலை அவசரத்தில் கூப்பிட்டால் எரிந்துதான் விழுவார்கள். மதியத்துக்கு முன்பு ஒரு மணி நேரம், மாலை ஆறரைக்கு மேல் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை சைட் விசிட்டுக்கு. அதனால் வாரத்தில் வேறு ஒரு நாள் முழு லீவு எடுத்தே ஆக வேண்டும். செவ்வாய்க்கிழமை சொத்து விஷயம் பேசப் பலர் விரும்புவதில்லை, அந்த நாளை எடுத்துக்கொள்ளலாம். லீவே இல்லாமல் ஓடுகிறவர்தான் நாலாவது மாதத்தில் போனைப் பார்த்தாலே எரிச்சல்படுவார்.

5. 'வேண்டாம்' என்பதைப் பிரித்துப் படியுங்கள்

இந்தத் தொழிலில் நேராக "வேண்டாம்" என்று சொல்கிறவர் நல்லவர், நேரம் மிச்சம். பெரும்பாலும் வேறு வார்த்தையில்தான் சொல்வார்கள்.

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றால் முடிவெடுக்கும் ஆள் வேறு யாரோ. அவருக்கு இடத்தைக் காட்டாமலேயே நீங்கள் பாதி வேலையை முடித்திருக்கிறீர்கள். "அடுத்த ஞாயிறு மேடத்தையும் கூட்டிட்டு வாங்க சார், தண்ணி, ஸ்கூல் எல்லாம் அவங்களே பார்த்துக்கட்டும்" என்று சொல்லுங்கள். கணவரிடம் மட்டும் பத்துத் தடவை பேசிப் பயனில்லை.

"ரேட் ஜாஸ்தி" என்பதில் இரண்டு வகை. பேரம் பேசுகிறவர் உடனே ஒரு தொகையைச் சொல்வார். பட்ஜெட்டே இல்லாதவர் தொகை எதுவும் சொல்லாமல் பேச்சை மாற்றுவார். பின்னவருக்குச் சின்ன மனையோ இன்னும் உள்ளே தள்ளிய இடமோ காட்டுங்கள். இல்லையென்றால் அடுத்த ஆண்டு கூப்பிடுவதாகச் சொல்லி நோட்டில் எழுதிவையுங்கள்.

"வாஸ்து சரியில்லை", "தெற்கு பார்த்த மனை வேண்டாம்" என்றால் வாதம் செய்யாதீர்கள். அது அவருடைய நம்பிக்கை. முதல் போனிலேயே "எந்தத் திசை பார்த்த மனை வேணும்?" என்று கேட்டிருந்தால் அந்த ஞாயிறு வீணாகியிருக்காது.

போனையே எடுக்காதவர்தான் புதியவரை அதிகம் நோகடிப்பவர். நேற்று வரை "தம்பி, தம்பி" என்று பேசியவர் இன்று எடுக்கவில்லை என்றால், நாம் ஏதோ தப்பாகப் பேசிவிட்டோம் என்று மனம் ஓடும். பெரும்பாலும் காரணம் உங்களிடம் இருக்காது. கடன் கிடைக்கவில்லை, வேறு இடம் முடிந்துவிட்டது, வீட்டில் சண்டை. அதைச் சொல்ல அவருக்குக் கூச்சம். மூன்று நாள் இடைவெளி விட்டு இன்னொரு அழைப்பு, அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு செய்தி: "சார், இடம் முடிஞ்சிருந்தா சந்தோஷம். ஒரு வார்த்தை சொன்னா நான் திரும்பத் தொந்தரவு பண்ண மாட்டேன்." இதற்குப் பலர் பதில் போடுவார்கள். சிலர் வேறு ஆளையும் சொல்லி அனுப்புவார்கள்.

ஒவ்வொரு மறுப்பையும் பார்ட்டி சொன்ன அதே வார்த்தையில் நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் சேர்த்துப் படித்தால், 'எனக்கு ராசியில்லை' என்று நினைத்துக்கொண்டிருந்தது மறைந்து, 'பாதிப் பேர் பஸ் வசதி இல்லை என்று போயிருக்கிறார்கள்' என்று கண்ணுக்குத் தெரியும். பஸ் வசதி இல்லாத இடத்தைக் கார் வைத்திருப்பவருக்குக் காட்டலாம். ராசியை ஒன்றும் செய்ய முடியாது.

6. டீல் உடைவதற்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள்

நீங்கள் காட்டிய வீட்டை உங்களைத் தாண்டி ஓனரிடம் நேராகப் பேசி முடித்துக்கொள்வார்கள். பத்திரம் முடிந்த அன்று, பேசியதில் பாதிதான் தருவேன் என்பார்கள். இதெல்லாம் நடக்கும். பண நஷ்டத்தைவிட, நம்பி ஏமாந்தோமே என்ற எண்ணம்தான் ஆளை உட்கார வைத்துவிடும்.

இடம் காட்டும் முன்பே ஓனருக்கும் பார்ட்டிக்கும் தனித்தனியாக ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள்: யாரை, எந்தத் தேதியில், எந்தச் சொத்துக்கு அழைத்துப் போகிறோம், முடிந்தால் கமிஷன் எவ்வளவு. "சரி" என்று ஒரு பதில் வந்தால் போதும். இன்னொரு ஏஜென்ட்டோடு சேர்ந்து செய்தால் பங்கு எவ்வளவு என்பதையும் அப்படியே. பணம் வந்த பிறகு பங்கு பேசினால் நட்பு போகும்.

ஒரே பார்ட்டியை நம்பி உட்காராமல் இருப்பது இன்னொரு ஏற்பாடு. டோக்கன் விழுந்ததும் பலர் புதிய ஆட்களிடம் பேசுவதை நிறுத்திவிடுகிறார்கள். அந்த டீல் உடைந்தால் கையில் எதுவும் இருக்காது. டோக்கன் விழுந்த நாளிலும் நோட்டில் அதே பத்து அழைப்பு இருக்கட்டும்.

உடைந்த அன்று ஓனரிடமோ பார்ட்டியிடமோ சண்டைக்குப் போகாதீர்கள். அன்றைய சைட் விசிட்டை மட்டும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள். பேச வேண்டியதை மறுநாள், அந்த வாட்ஸ்அப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

7. ஆடிக்கும் மார்கழிக்கும் முன்கூட்டியே திட்டமிடுங்கள்

ஆடியில் வியாபாரம் படுத்துவிடும். ஆடிப்பெருக்கு அன்று மட்டும் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூட்டம் இருக்கும். மார்கழியிலும் அப்படியே. தை பிறந்ததும் எல்லோரும் ஒன்றாக வருவார்கள். முகூர்த்த நாட்களில் பதிவுத்துறை பத்திரப்பதிவுக்குக் கூடுதல் வரிசை டோக்கன் ஒதுக்கும் அளவுக்கு நெரிசல் இருக்கும்.

வைகாசி, ஆனியில் சேர்ந்தவர், தொழில் பிடிபட ஆரம்பிக்கும் நேரத்தில் ஆடியில் விழுவார். தனக்குத்தான் எதுவும் நடக்கவில்லை என்று நினைப்பார். அவர் அருகில் இருக்கும் பழைய ஏஜென்ட்டோ ஊருக்குப் போயிருப்பார், ஏனென்றால் அவருக்குத் தெரியும். ஆடி, மார்கழி இரண்டையும் வருமானமில்லாத மாதம் என்றே முதல் படியில் போட்ட கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆடியில் செய்ய வேலை இருக்கிறது. மனைகளுக்குப் புதிதாகப் படம் எடுப்பது, வில்லங்கம் படிப்பது, "ஆடி முடியட்டும்" என்றவர்களின் பட்டியலைத் தேதியோடு எழுதுவது. ஆவணி முதல் வாரத்தில் அந்தப் பட்டியலை முதலில் கூப்பிடுகிறவருக்குத்தான் சைட் விசிட் கிடைக்கும்.

8. நாளைக்கு உங்களைத் துரத்தும் வாக்குறுதியைக் கொடுக்காதீர்கள்

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்தது. அது வரப்போகிறது என்று சொல்லியே அதற்குப் பல ஆண்டு முன்பிருந்து மனை விற்றார்கள். இப்போது அதே பேச்சு பரந்தூர் விமான நிலையத்தை வைத்து நடக்கிறது. "அறிவிச்சிருக்காங்க சார், எப்ப முடியும்னு என்னால சொல்ல முடியாது" என்பதோடு நிறுத்துங்கள். "ரெண்டே வருஷத்துல டபுள்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். பொய்யான தகவல் சொல்லி விற்பதை ரெரா சட்டம் தடை செய்கிறது.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். டபுள் ஆகும் என்று சொல்லி விற்றவர், பழைய பார்ட்டியின் பெயர் போனில் வந்தாலே எடுக்கத் தயங்குவார். கொஞ்ச நாளில் அந்தப் பகுதிக்கே போகப் பிடிக்காது. நடுவயது ஏஜென்ட்டுகள் பலர் அலுத்துப்போய்ப் பேசுவதற்குக் காரணம் இதுதான் என்பது என் கணிப்பு. பழைய பார்ட்டி வழியாகத்தான் அடுத்த பார்ட்டி வருகிறார். அந்த வழியை நீங்களே அடைத்துவிட்டால் ஒவ்வொரு மாதமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

9. கூட்டங்களுக்குப் போவதா?

போகலாம், வாரத்துக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். கைதட்டலும் கார் வாங்கியவரின் பேச்சும் மட்டும் இருந்தால் அடுத்த முறை போகாதீர்கள். பத்திரம் பற்றியோ வங்கிக் கடன் பற்றியோ யாராவது விளக்குகிறார்கள் என்றால் நோட்டோடு போங்கள். அதைவிடப் பயன், அதே பகுதியில் பத்து வருடமாக இருக்கும் ஒரு அண்ணனோடு டீக்கடையில் அரை மணி நேரம் உட்காருவது. எந்த ஓனர் கமிஷனைக் குறைப்பார், எந்த வங்கிக் கிளை சீக்கிரம் முடிக்கும் என்பதை அவர்தான் சொல்வார்.

10. ஆறாவது மாதத்தில் நோட்டைத் திறந்து பாருங்கள்

தொடர்வதா விடுவதா என்பதை மோசமான ஒரு நாளின் இரவில் முடிவு செய்யாதீர்கள். முதலிலேயே ஒரு தேதி குறித்துவைத்து, அன்று நோட்டைப் படித்து முடிவு செய்யுங்கள்.

அழைப்பே குறைவாக இருந்தால் நீங்கள் இன்னும் தொழிலை முயன்றே பார்க்கவில்லை. அழைப்பு நிறைய, சைட் விசிட் குறைவு என்றால் தவறான ஆட்களிடம் பேசுகிறீர்கள், அல்லது விலையைப் போனிலேயே மறைக்கிறீர்கள். சைட் விசிட் நிறைய, டோக்கன் மட்டும் இல்லை என்றால் அநேகமாகக் கோளாறு சொத்தில் இருக்கும். வேறு லேஅவுட்டுக்கு மாறுங்கள். டோக்கன் விழுந்து பதிவு நிற்கிறது என்றால் கடன் தகுதியைப் பார்க்காமலே அட்வான்ஸ் வாங்கியிருக்கிறீர்கள். அடுத்த முறை சம்பளச் சீட்டும் இருக்கிற கடன்களும் பற்றி முன்பே கேளுங்கள்.

நாலிலும் எண்ணிக்கை சரியாக இருந்து சேமிப்பு மட்டும் தீர்ந்துபோகிறது என்றால் ஒரு வேலையில் சேருங்கள், அதில் தவறில்லை. ரெரா பதிவு ஐந்து ஆண்டு செல்லும், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அலுவலக விதி அனுமதித்தால் மாலை அழைப்பையும் ஞாயிறு சைட் விசிட்டையும் மட்டும் தொடரலாம். நோட்டில் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று எழுதிய பெயர்களுக்கு அடுத்த தையில் கூப்பிட ஒரு நாளை இப்போதே குறித்துவிடுங்கள்.